ஊர்ப் பள்ளியில் எத்தனை பேர் ஆடுகிறார்கள்?

டெக்ஸஸ் மாநிலத்தின் தெற்கே ஜிம் வெல்ஸ் கவுண்டியில் பிரீமாண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. 2012 ஜனவரியில் அந்த ஊரின் பெயர் அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டது. அவ்வூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் எர்னஸ்ட் சிங்கிள்டன், ஃபுட்பால் உட்பட எல்லா விளையாட்டுகளையும் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார். (இங்கே ஃபுட்பால் என்று நான் எழுதுவதெல்லாம் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டத்தைத்தான்.) படிப்பும் சரியில்லை, கணக்கு வழக்கும் சரியில்லை, இப்படியே போனால் கல்வி மாவட்டத்தையே மூடிவிடுவோம் என்று மாநிலக் கல்வித் துறை எச்சரித்திருந்த நேரம் அது. டெக்ஸஸ் சிற்றூர் ஒன்றில் ஃபுட்பாலை நிறுத்துவது என்பது, நம் ஊராட்சித் தலைவர் ஒருவர் இந்த வருஷம் கோயில் திருவிழா கிடையாது, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப்போகிறேன் என்று அறிவிப்பதற்குச் சமம். அதற்கு உள்ள துணிச்சல் இதற்கும் வேண்டும்.

அடுத்த ஆண்டு அமாண்டா ரிப்ளி என்ற பத்திரிகையாளர் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பள்ளிகளில் விளையாட்டுக்குத் தரப்படும் இடம் அதிகம் என்பது அவருடைய வாதம். அதில் வரும் எண்கள் யாரையும் யோசிக்கவைக்கும். பிரீமாண்டில் ஃபுட்பாலுக்கு ஓர் ஆட்டக்காரருக்கு ஆன செலவு சுமார் 1,300 டாலர். கணக்குப் பாடத்துக்கு ஒரு மாணவருக்கு ஆன செலவு 618 டாலர். விளையாட்டை நிறுத்தியதில் ஓர் ஆண்டில் ஒன்றரை லட்சம் டாலர் மிச்சமானது. விளையாட்டில்லாத முதல் பருவத்தில் 80 சதவீத மாணவர்கள் பாடங்களில் தேறினார்கள். அதற்கு முந்தைய இலையுதிர்காலப் பருவத்தில் தேறியவர்கள் 50 சதவீதம்தான். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர்கள் 6 பேர். இப்போது வந்தவர்கள் 160 பேர். கல்வி மாவட்டம் மூடப்படாமல் தப்பியது. பிறகு விளையாட்டுகள் படிப்படியாகத் திரும்பி வந்தன.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் பலருக்கும் உடனே வரும் பதில் தெரிந்ததே: “பார்த்தீர்களா, விளையாட்டை நிறுத்தினால் படிப்பு வரும்.” பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது இயல்பான முடிவுதான். அமெரிக்காவிலோ இந்தச் சர்ச்சை இரண்டு கட்சியாகப் பிரிந்து பல பத்தாண்டுகளாக நடக்கிறது. விளையாட்டு பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்கிறது என்பது ஒரு கட்சி; பள்ளியின் பணத்தையும் கவனத்தையும் தின்றுவிடுகிறது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டு கட்சியிலும் சேரத் தோன்றவில்லை. சிற்றூர் அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை, விளையாட்டு எவ்வளவு முக்கியம் என்பதை விட அதில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. நூறு பேர் படிக்கும் பள்ளியில் எழுபது பேர் ஏதாவதொரு அணியில் இருந்தால் அந்த விளையாட்டு கல்வியின் பகுதி. மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அறுபது பேர் ஆட, மீதிப் பேரும் ஊரும் பார்த்துக் கைதட்டினால் அது கேளிக்கை. கேளிக்கையில் தப்பில்லை. ஆனால் அதைப் பள்ளி வரவுசெலவில் கல்வி என்ற தலைப்பில் எழுதக்கூடாது.

இந்த எண்ணத்துக்கு எனக்குக் கிடைத்த பழைய ஆதாரம் கன்ஸாஸ் மாநிலத்திலிருந்து வருகிறது. ராஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரு உளவியலாளர்கள் 1964இல் ‘பெரிய பள்ளி, சிறிய பள்ளி’ என்ற பொருள்பட ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். பார்க்கர் ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து சோதனை செய்யும் வகை ஆளில்லை. ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் களநிலையம் அமைத்து, மக்கள் எந்த நேரத்தில் எங்கே கூடுகிறார்கள், யார் என்ன பொறுப்பில் நிற்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் குறித்துவைத்தவர். கிழக்குக் கன்ஸாஸில் 35 பேர் படித்த பள்ளியிலிருந்து 2,287 பேர் படித்த பள்ளி வரை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மிகப் பெரிய பள்ளியில் மாணவர் எண்ணிக்கை மிகச் சிறியதைப் போல 65 மடங்கு. ஆனால் அங்கே ஆட்டம், நாடகம், இசைக்குழு, சங்கம், வகுப்பு என்று ஆட்கள் கூடிச் செயல்படும் இடங்கள் 8 மடங்குதான். 65 மடங்கு ஆட்கள் 8 மடங்கு இடத்துக்கு முட்டிமோதினால் பெரும்பாலோர் வெளியேதான் நிற்பார்கள். சிறிய பள்ளியில் நிலைமை தலைகீழ். அணிக்கும் ஆள் வேண்டும், நாடகத்துக்கும் ஆள் வேண்டும், இருப்பவர்களோ அதே பத்துப்பேர். சுமாராக ஓடுகிறவனையும் “நீ வந்தால்தான்டா டீம்” என்று கூப்பிட்டாக வேண்டும். சிறிய பள்ளிப் பிள்ளைகள் பொறுப்பான வேலைகளில் அதிகம் நின்றார்கள். தான் வராவிட்டால் காரியம் நடக்காது என்ற கடமையுணர்ச்சியை அதிகம் சொன்னார்கள். படிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளிடமும் இது தெரிந்தது என்பதுதான் அதில் முக்கியம். பெரிய பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

இந்தக் கணக்கை விதியாகவே எழுதிவைத்த ஆட்டம் ஒன்று உண்டு. 1934இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் ஆறு பேர் ஃபுட்பாலை உருவாக்கினார். சுற்றியிருந்த பள்ளிகளில் பதினொரு பேர் கொண்ட அணி கட்ட ஆளும் கிடையாது, உடுப்பு வாங்கக் காசும் கிடையாது. ஆள் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து விலக்காமல் ஆட்டத்தையே பிள்ளைகளின் அளவுக்கு வெட்டினார். நூறு கஜ மைதானம் எண்பதாகக் குறைந்தது. அகலமும் நாற்பது கஜமாகச் சுருங்கியது. பதினொரு பேர் ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் குண்டுப் பையன்கள் பள்ளிக்காலம் முழுக்கப் பந்தை வாங்கி ஓடாமலேயே முடிக்கலாம். ஆறு பேர் ஆட்டத்தில் ஆறு பேருமே பந்தைப் பிடிக்கலாம். முதல் பாதி முடியும்போதோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தோற்கிற ஊரின் மானத்தையும் விதிக்குள் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டெக்ஸஸில் ஏறக்குறைய நூறு பேருக்குள் படிக்கும் மிகச் சிறிய உயர்நிலைப் பள்ளிகள் இன்றும் இதைத்தான் ஆடுகின்றன.

அந்தப் பள்ளிகளின் படிப்பு எப்படி என்று கேட்டால், அதற்கும் டெக்ஸஸில் ஒரு சுவையான பதில் இருக்கிறது. பள்ளி விளையாட்டுகளை அங்கே நடத்தும் அமைப்பு யூ.ஐ.எல். அது 1910இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது பள்ளிகளுக்கிடையே பேச்சுப்போட்டி நடத்தும் சங்கமாக இருந்தது. விளையாட்டு பிறகுதான் வந்து சேர்ந்தது. இன்றும் அதே அமைப்புதான் எழுத்துக்கூட்டல், கட்டுரை, ஓரங்க நாடகம், மனக்கணக்கு எல்லாவற்றுக்கும் வட்டாரத்திலிருந்து மாநிலம் வரை போட்டி நடத்துகிறது. மனக்கணக்குப் போட்டியில் பத்து நிமிஷத்தில் எண்பது கேள்விகள். விடையைத் தவிர தாளில் வேறெதையும் கிறுக்கக்கூடாது. இந்தப் போட்டிகளிலும் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்து, சிறியதைச் சிறியதோடுதான் மோதவிடுகிறார்கள். ஆகவே குட்டிப் பள்ளி ஒன்றில் வெள்ளிக்கிழமை பந்தோடு ஓடியவனே வேறொரு நாள் மனக்கணக்குப் போட்டிக்கோ நாடகத்துக்கோ போவது அதிசயமில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டக்காரர்களை விடப் பார்வையாளர்கள் முக்கியமாகிவிட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு டெக்ஸஸின் எண்ணெய் நகரமான ஒடெஸா உதாரணம். தொண்ணூறாயிரம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தைச் சிற்றூர் என்று சொல்லமுடியாது; ஆனால் சிற்றூர்க் கனவு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை அது காட்டியது. அங்குள்ள பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் 1988ஆம் ஆண்டு அணியோடு தங்கியிருந்து எச்.ஜி. பிஸ்ஸிங்கர் எழுதி 1990இல் வெளிவந்த ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ நூல் பின்னாளில் படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. படம் பார்த்தவர்களுக்கு ஆட்டம்தான் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது நூலில் வரும் செலவுக் கணக்கு. ஆங்கிலத் துறைக்குப் பாடப்பொருள்கள் வாங்க ஒதுக்கியது 5,040 டாலர். விளையாட்டுப் பையன்களின் மருத்துவப் பொருள்களுக்கு 6,750 டாலர். வெளியூர் ஆட்டங்களுக்கு அணி தனி விமானத்தில் போய்வர 70,000 டாலர். அணி ஆடிய அரங்கத்தை 1982இல் 56 லட்சம் டாலரில் கட்டியிருந்தார்கள். இத்தனையும் சில டஜன் பையன்களுக்கு. அந்தப் பையன்களுக்கும் இதனால் நன்மை என்று சொல்லிவிட முடியாது. பதினேழு வயதில் ஊரே தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, முழங்கால் போனதும் கீழே போட்டுவிடுகிற கதை அந்த நூலிலேயே இருக்கிறது.

இதற்கும் முன்பே சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் இலினாய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் எழுதினார். படிப்பில் சிறந்தவன், விளையாட்டு வீரன், எல்லோருக்கும் பிடித்தவன், இம்மூன்றில் எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று கேட்டபோது பையன்களில் அதிகம் பேர் விளையாட்டு வீரன் என்றார்கள். கோல்மன் இதற்குப் பிள்ளைகளைத் திட்டவில்லை. பள்ளிக்காகக் களமிறங்கி ஜெயிக்கிறவனை எல்லோரும் கொண்டாடுவார்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவன் பக்கத்து மேசைக்காரனைத்தான் தோற்கடிக்கிறான், அவனை எதற்குக் கொண்டாடுவார்கள்? படிப்பிலும் பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி வையுங்கள் என்பது அவர் தந்த வழி. டெக்ஸஸ் மனக்கணக்குப் போட்டி அதைத்தான் செய்கிறது. மதிப்பெண் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதால் அது நடக்காது.

சட்டம் போட்டும் பார்த்தார்கள். 1984இல் டெக்ஸஸ் ஆளுநர் மார்க் வைட் காலத்தில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டிப் பெரிய கல்விச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் ஒரு பிரிவுக்கு மக்கள் வைத்த பெயர் ‘நோ பாஸ், நோ ப்ளே’. ஏதாவதொரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆறு வாரம் எந்த அணியிலும் ஆடமுடியாது. பயிற்சியாளர்கள் கொதித்தார்கள், பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். பள்ளி விளையாட்டில் பங்கேற்பது அடிப்படை உரிமை இல்லை என்று 1985இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வைட் தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் பயிற்சியாளர்களின் கோபமும் ஒன்று என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1995இல் ஆறு வாரம் மூன்று வாரமாகச் சுருங்கியது.

இந்த விதி பாதி நல்லது என்று நினைக்கிறேன். பள்ளி என்பது முதலில் படிப்புக்கு என்று உரக்கச் சொன்ன வரைக்கும் நல்லது. ஆனால் விளையாட்டுக்காக மட்டுமே காலையில் எழுந்து பள்ளிக்கு வருகிற பையனிடமிருந்து முதலில் அதைத்தான் பிடுங்குகிறது. கூட்டம் பெரிதாக உள்ள இடத்தில் விதி எப்படி வளையும் என்பதையும் 1988 காட்டிவிட்டது. அந்த ஆண்டு அரையிறுதியில் பெர்மியனை 14-9 என்று வென்ற டல்லஸ் கார்ட்டர் பள்ளி அணியில், ஓர் ஆட்டக்காரரின் அல்ஜீப்ரா மதிப்பெண் 70ஐத் தொட்டதா இல்லையா என்று பெரிய வழக்கே நடந்தது. பள்ளி முதல்வர், கல்வித் துறை, நீதிமன்றம் என்று அந்த மதிப்பெண் போகாத இடமில்லை. தடையாணை வாங்கிக்கொண்டு ஆடிய அணி மாநிலக் கோப்பையை வென்றது. பிறகு கோப்பை பறிக்கப்பட்டு, இறுதியாட்டத்தில் தோற்ற ஜட்சன் பள்ளிக்குப் போனது. ஓர் ஆசிரியர் போட்ட அல்ஜீப்ரா மதிப்பெண்ணில் ஒரு நகரமே தலையிட்டது, பார்க்கக் காத்திருந்தவர்கள் அத்தனை பேர் என்பதால்தான். ஆறு பேர் ஃபுட்பால் ஆடும் ஊரிலும் ஒரு ஆட்டக்காரனின் மதிப்பெண்ணைப் பற்றி ஊர் கவலைப்படும். ஆனால் அங்கே அந்த ஆசிரியரும் பயிற்சியாளரும் பல சமயம் ஒரே ஆள்!

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இதுதான்: நன்றாகப் படிக்கும், ஒழுங்கான, வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அணிகளில் சேருவார்கள், பிறகு அவர்கள் முன்னேறினால் புகழை விளையாட்டுக்குக் கொடுக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். பல ஆய்வுகள் இந்த ஓட்டையோடுதான் வருகின்றன. உடற்பயிற்சியையும் படிப்பையும் இணைத்துப் பார்த்த 50 ஆய்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் தொகுத்தபோது, ஏறக்குறைய பாதித் தொடர்புகள் சாதகமாக இருந்தன, மறுபாதியில் குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை, பாதகமானவை 1.5 சதவீதம்தான். விளையாட்டுக்கு நேரம் கொடுத்தால் படிப்பு கெடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பது இதில் தெளிவு. விளையாட்டு படிப்பைத் தூக்கிவிடும் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

அந்த ஓட்டையை அடைக்கும் வழியைப் பொருளியலாளர் பெட்ஸி ஸ்டீவன்சன் கண்டார். 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதற்கு முன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் மூன்று லட்சம் பேர்கூட இல்லை. சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் பெண்களுக்கும் அணி அமைத்தாக வேண்டியிருந்தது. பையன்கள் ஏற்கெனவே அதிகம் ஆடிய மாநிலங்களில் பெண்களுக்கான இடங்களும் வேகமாகக் கூடின. பெண்களாகப் பார்த்துத் தேர்ந்துகொண்ட மாற்றமில்லை இது. சட்டம் திறந்துவிட்ட கதவு. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டால் விளையாட்டின் விளைவைத் தனியாகப் பிரிக்கலாம். ஒரு மாநிலத்தில் பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளி கூடினால், கல்லூரி போகும் பெண்களின் விகிதம் 1 புள்ளியும், வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 1 முதல் 2 புள்ளியும் கூடின என்று 2010இல் அவர் எழுதினார். இந்த விளைவு எதிலிருந்து வந்தது என்று கவனியுங்கள். கோப்பை வென்ற அணியிலிருந்தோ அரங்கத்தின் அளவிலிருந்தோ வரவில்லை; கூடுதலாக ஆட வந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.

பிரீமாண்டின் 80 சதவீதம் இதற்குப் பதிலாகுமா? அங்கே விளையாட்டு மட்டும் போகவில்லை. பள்ளியே போய்விடும் என்ற பயம் வந்திருந்தது, பணம் வந்தது, ஊரின் கவனம் ஒரே இடத்தில் குவிந்தது. இத்தனையில் எதனால் தேர்ச்சி ஏறியது என்று பிரித்துச் சொல்லமுடியாது, ஒரு பருவத்துக் கணக்கை வைத்துக்கொண்டு நிச்சயமாகச் சொல்லமுடியாது. சிங்கிள்டன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். வீடு மூழ்கும்போது எதை எறிவது என்று யோசிக்க நேரமில்லை. ஆனால் ஆளுக்கு 1,300 டாலர் செலவு சொல்கிற பாடம் வேறு: கொஞ்சப் பேருக்கு அதிகச் செலவாகும் ஆட்டத்தைத்தான் அந்தப் பள்ளி தன் முதல் ஆட்டமாக வைத்திருந்தது. ஓட்டப்பந்தயத்துக்கு இவ்வளவு ஆகாது. ஃபுட்பாலில் தலையில் படும் அடிகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், எந்த ஆட்டம் என்ற கேள்வியும் சும்மா விடக்கூடியதில்லை.

சிறிய பள்ளியில் கால்குலஸ் கிடையாது, இயற்பியலுக்கு ஆசிரியர் கிடையாது, ஆறு பேர் ஃபுட்பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பார்கள். இதைத்தான் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் சொன்னார்: கடைசி வகுப்பில் நூறு பேர்கூட இல்லாத உயர்நிலைப் பள்ளியால் முறையான பாடத்திட்டம் தர இயலாது, இணைத்துவிடுங்கள். இணைப்பு அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. 1939-40இல் 1 லட்சத்து 17 ஆயிரமாக இருந்த கல்வி மாவட்டங்கள் இன்று 13 ஆயிரத்துச் சொச்சம். கோனன்ட் சொன்ன குறை உண்மையானது, அதை மறைக்க மாட்டேன். மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் குட்டிப் பள்ளி நிஜமான இழப்பு. ஆனால் இல்லாத பாடத்தை இணையம் வழியாகவோ அருகிலுள்ள கல்லூரி வழியாகவோ இன்று ஓரளவு வரவழைக்கலாம். அணியில் இல்லாத இடத்தை அப்படி வரவழைக்க முடியாது. ஐரோப்பாவைப் போல விளையாட்டை ஊர் மன்றங்களிடம் விட்டுவிட்டுப் பள்ளி படிப்பை மட்டும் பார்க்கட்டும் என்பவர்களுக்கும் இதுதான் பதில்: மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் மன்றம் எங்கே இருக்கிறது? பள்ளிதான் மன்றம், அரங்கம், மைதானம் எல்லாம். மன்றம் உள்ள பெரிய நகரங்களிலோ மாதாமாதம் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆடுவார்கள்.

இந்த விஷயம் தமிழ்க் குடும்பங்களையும் தொடுகிற ஓர் இடம் உண்டு. டல்லஸுக்கு வடக்கே ஆலன், ஃப்ரிஸ்கோ, பிளேனோ என்று அடுத்தடுத்த நகரங்களில் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள், கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள். வீடு வாங்குமுன் எல்லோரும் பார்ப்பது பள்ளித் தரவரிசையைத்தான். ஆலன் நகரம் ஒரே உயர்நிலைப் பள்ளி என்று முடிவெடுத்தது. அங்கே ஐயாயிரத்துக்கு மேல் மாணவர்கள். 2012இல் ஆறு கோடி டாலர் செலவில் 18 ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று மாநிலக் கோப்பைகள் வந்தன. நடுவில் 2014இல் அரங்கத்தின் கான்கிரீட்டில் விரிசல் விழுந்து மூடவேண்டியும் வந்தது. பக்கத்து ஃப்ரிஸ்கோ இதற்கு நேரெதிராக, பள்ளிகளைச் சுமார் இரண்டாயிரம் பேரோடு நிறுத்தி, ஊர் வளர வளரப் புதுப்பள்ளி கட்டிக்கொண்டே போனது. 2022இல் திறந்ததோடு பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகள். காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள்: அதிகப் பிள்ளைகளுக்கு அணியிலும் இசைக்குழுவிலும் மேடையிலும் இடம் வேண்டும். சின்னப் பள்ளிகளாகப் பிரித்தால் மாநிலக் கோப்பை வராது என்று அங்கே முணுமுணுத்தவர்களும் உண்டு. இரண்டாயிரம் பேர் என்பது பார்க்கரின் கணக்கில் இன்னமும் பெரிய பள்ளிதான். ஆனாலும் ஓர் ஊருக்கு ஒரு கூடைப்பந்து அணி, இன்னோர் ஊருக்குப் பன்னிரண்டு கூடைப்பந்து அணிகள் என்ற வித்தியாசம் சின்னதில்லை.

அங்கே வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது தரவரிசையையும் சராசரி மதிப்பெண்ணையும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: இங்கே படிக்கும் நூறு பேரில் எத்தனை பேர் ஏதாவதொரு அணியிலோ குழுவிலோ இருக்கிறார்கள்? சுமாராக ஆடுகிற பிள்ளைக்கு இடம் உண்டா? வாசலில் உள்ள கோப்பைகளைக் காட்டிப் பதில் சொன்னால், கேட்டது அதில்லை என்று மறுபடி கேளுங்கள்.